ஜஸ்னாவின் வாப்பாவுக்கு அனுப்பியது

தேங்காப்பட்டணத்தில் அந்த ஆடி முழுக்கக் கடல் கிடந்து உறுமியது. வள்ளம் ஒன்றும் இறங்கவில்லை. சந்தைக்கு வந்ததெல்லாம் கண் வெளுத்த ஐஸ் மீன். அந்த மழையிலும் ஷாஜிதா பேகத்தின் அடுக்களையில் விடியுமுன்பே அடுப்பு எரிந்தது. சாயாக்கடைகளுக்கு ஒறட்டி போயாக வேண்டும். அவள் சுட்டதை ஊரே தின்றது. அவளுக்கு மட்டும் இரண்டு நாளாக ஒரு வாய் இறங்கவில்லை. கட்டன் சாயா குடித்தால்கூடக் கொல்லைப்புறம் ஓடி ஓக்காளித்தாள்.

அரிசி இடிக்கவும் மாவு வறுக்கவும் கூடமாட நிற்கும் நேசபாய் அதைப் பார்த்து ஒரு சந்தேகத்தோடு வாயைத் திறந்தாள். ஷாஜிதாவின் மாப்பிள்ளை சேக் முகம்மது சவூதியில் தம்மாமுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்பது நினைவுக்கு வந்ததும், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

“நீங்க நெனைக்கியது ஒண்ணும் இல்லக்கா,” என்றாள் ஷாஜிதா, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு. “அருவருப்பு. இந்த ஊரு மூஞ்சியப் பாத்தா எனக்குக் கொமட்டுது.”

“பின்னே கொமட்டாதா? கேட்ட எனக்கே கொமட்டுது,” என்றாள் நேசபாய். “நீ அந்த அடுப்பக் கொறை. அடி புடிக்குது.”

ஒறட்டி சுடுகிறவளுக்குக் கை எப்போதும் மாவுதான். வறுத்த அரிசிமாவில் தேங்காய்த் துருவலும் சீரகமும் சின்ன உள்ளியும் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெள்ளம் விட்டுப் பிசைந்து, வாழையிலைக் கீற்றில் வைத்துத் தட்டித் தட்டி வட்டமாக்கி, சட்டியில் போட்டெடுக்க வேண்டும். இந்தக் கையோடு போனில் எழுத்துத் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் வாய்ஸ். போனை உப்பு மரவையில் சாய்த்து வைத்து, விரல் முட்டியால் அந்த மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் பேசுவாள். நெட்டை இலவசமாக அள்ளிக் கொடுத்த வருஷம் அது, 2017. சாளை மீன் விலை ஏறியது, பக்கத்து வீட்டுக் கிணறு இடிந்தது, மகள் ஜஸ்னாவுக்குக் காய்ச்சலில் மேல் சுட்டது, எல்லாம் துண்டு துண்டாகத் தம்மாமுக்குப் போகும். அவனுக்கும் அதுதான் வேண்டும். எட்டுப் பேர் கிடக்கும் அறையில், கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, காதில் வயரை மாட்டிக்கொண்டு கேட்பான். மழை பெய்தால் மழையை அனுப்பச் சொல்வான். இவளும் போனை ஓட்டு இறவாணத்துக்குக் கீழே நீட்டிப் பிடித்து அதையும் அனுப்புவாள்.

ஜஸ்னா ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய இங்கிலீஷும் அதே வழியாகத்தான் போகும். சேக் முகம்மது எட்டாவதோடு நின்றவன். மகள் இங்கிலீஷ் வாசிப்பதைக் கேட்க அவனுக்கு அப்படி ஒரு ஆசை. “மக்கா, இன்னைக்குப் படிச்சத வாசிச்சு அனுப்பு, வாப்பா கேக்கட்டு,” என்பான். அவளும் ராகம் போட்டு வாசித்து அனுப்புவாள். அவன் அறைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவான். மகளின் பாடமும் பெண்டாட்டியின் பேச்சும் ஒரே சாட்டில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கிடந்தன. வளைகுடாக்காரன் வீட்டில் அது அப்படித்தான் கிடக்கும்.

ஜஸ்னா படித்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் பெயரைச் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. தாளாளர் தங்கப்பன். எதிர்த்த பள்ளிக்கூடத்தில் பெரிய திரை வைத்து ஸ்மார்ட் கிளாஸ் தொடங்கிவிட்டார்கள் என்று கேட்டதிலிருந்து மனுஷனுக்கு உறக்கமில்லை. கைக்காசு போட்டுத் திரை வாங்கவும் மனசில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் வீட்டு ஸ்மார்ட்போனைக் கொண்டுவர வேண்டும். அதில் பாடம் கேட்கலாம், படம் பார்க்கலாம், பேசிப் பழகலாம். லாக் போடக் கூடாது, ஸார்மார் திறக்க வேண்டியிருக்கும். பாடம் இல்லாத நேரம் ஆபீசில் பிளாஸ்டிக் தட்டில் இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஷாஜிதாவும் தட்டினாள். மறுவாரமே கையில் போனோடு பிள்ளைகள் ராக்கெட்டில் பறக்கிற மாதிரி ரோட்டில் பேனர் வந்துவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. இதயம் ரத்தத்தை இறைப்பதைப் போனில் பார்த்துவிட்டு வந்த ஜஸ்னா, உம்மாவின் மாவுக் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். “ஒவ்வொரு துடிப்புக்கும் அவ்வளவு வேல நடக்குது உம்மா, அறிவியளா?” என்று கண்ணை விரித்தாள். இந்தப் பிள்ளை பெரிய படிப்புப் படிக்கும் என்று ஷாஜிதாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

அப்புறம் வந்தது அந்த வெள்ளிக்கிழமை. இங்கிலீஷ் எடுப்பது சஜின் ஸார், புதுசாக வேலைக்கு வந்த சின்ன வயசுக்காரர். வீட்டில் பாடத்தை வாசித்துப் பதிவு செய்து வரச் சொல்லியிருந்தார். ஒவ்வொருவர் போனையும் எடுத்து, மேசைமேல் இருக்கும் ஸ்பீக்கரோடு சேர்த்து, வகுப்பு முழுக்கக் கேட்டு உச்சரிப்பைத் திருத்த வேண்டும். ஜஸ்னாவின் முறை வந்தது.

“ஒன் ரெக்கார்டிங் எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“வாப்பாக்க சாட்டுல இருக்கு ஸார்.”

அவள் வாசித்து அனுப்பியது முந்தின சாயங்காலம். விடியற்காலையில் அவளுடைய உம்மா அனுப்பியது அதற்குக் கீழே கிடந்தது. ஸார் கீழே கிடந்ததை அமுக்கினார். மழைச்சத்தமும் ஒறட்டி தட்டும் சத்தமுமாகத் தொடங்கி, ஷாஜிதாவின் குரல் வகுப்பு முழுக்க எழுந்தது.

“இஞ்ச நல்ல மழையாக்கும். கேக்குதா? ஒறட்டி தட்டிக்கிட்டே பேசியேன். நீங்க போனதுக்கப்புறம் ஒங்க தலையணைக்கி இன்னும் ஒறை மாத்தல்ல, கேட்டியளா? மாத்தினா ஒங்க வாசம் போயிரும்லா…”

ஸார் பதறிப்போய் எதையெல்லாமோ அமுக்கினார். நிறுத்தினார் ஒருவழியாக. அதற்குள் வகுப்பே பெஞ்சில் அடித்துச் சிரித்தது. ஜஸ்னா தலையை டெஸ்க்கில் கவிழ்த்தவள் மணி அடிக்கும்வரை நிமிரவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் பிள்ளைகள் நாலு நாள் சிரித்துவிட்டு மறந்திருக்கும். அன்று சாயங்காலமே அந்தக் குரல் ஊரெல்லாம் ஓடியது. சாயாக்கடை பெஞ்சில், சலூனில், வள்ளம் ஏற்றிப் போட்ட மணலில் சும்மா குத்தியிருந்தவர்கள் கையில், எங்கும் ஷாஜிதா பேசினாள். வெள்ளை வேட்டிப் பெரிய மனுஷர்கள்கூட ஒருத்தருக்கொருத்தர் அனுப்பினார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்! காதில் ஒட்டவைத்துக் கேட்டுவிட்டுச் செருமிக்கொண்டார்களாம். தூ!

சனிக்கிழமை நேசபாய் ஒறட்டிச் சுமடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெறும் கூடையோடு திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. தேவகனிக்க சாயாக்கடையில ரெண்டு தெண்டிப் பயலுவ குத்தியிருந்தானுவ. ‘அக்கா, ஒறட்டி மட்டும்தானா, தலையணை இல்லியா’ன்னு கேக்கான். சுடுவெள்ளத்த எடுத்து மூஞ்சியில ஊத்தியிருப்பேன். தேவகனி கையப் புடிச்சிட்டாரு.”

ஷாஜிதா தட்டிய மாவைத் திரும்ப உருட்டி, மறுபடி தட்டினாள்.

மத்தியானம் மேலத்தெருவிலிருந்து ஒருத்தி குடையோடு வந்து, திண்பண்டம் வாங்க வந்தவள்போல் நின்றாள். சொந்தக்காரிதான், தங்கச்சி முறை. “கேட்டேன் ராத்தா, முழுசும் கேட்டேன். எனக்கு நெஞ்சு தாங்கல்ல, ரெண்டு தடவ கேட்டேன். ஐயோ பாவம்,” என்றாள். முழுசும் கேட்டாளாம், ரெண்டு தடவை கேட்டாளாம், பாவமாம். அவள் போனபிறகுதான் ஷாஜிதா முதல்முறை கொல்லைப்புறம் ஓடினாள்.

ஜஸ்னா அறைக்குள் கிடந்தாள். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். ஷாஜிதா பக்கத்தில் போய்க் குத்தியிருந்து முதுகைத் தொட்டதும் உதறினாள்.

“உம்மா, ஒங்களுக்கு வேற ஒண்ணும் பேசக் கிடைக்கல்லியா? எதுக்கு அதெல்லாம் வாப்பாட்ட பறையணும்?”

“எனக்க மாப்பிளகிட்டதானட்டி பறஞ்சேன்? வேற எவன்கிட்டயும் இல்லியே.”

“நான் எப்பிடி ஸ்கூலுக்குப் போவேன்? எல்லாரும் எனக்க மூஞ்சியப் பாத்துத் தலையணைன்னு சொல்லினும்.” பிள்ளை அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கிளாசுல பாதிதான் ஓடிச்சு உம்மா. ‘வாசம் போயிரும்லா’ங்குற வரைக்கும்தான். ஊருல ஓடியதுல கடைசி வரைக்கும் இருக்கு,” என்றாள்.

ஷாஜிதாவுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசியில் அவள் சொன்னது, ‘ராத்திரி அதக் கெட்டிப் புடிச்சோண்டுதான் ஒறங்கியேன், சிரிக்காதுங்க’ என்று. அதை வகுப்பில் யாரும் கேட்கவில்லை. அப்படியானால் வகுப்புப் பிள்ளை எவனும் பிடித்து அனுப்பியதில்லை. சிரிப்புச் சத்தமும் அதில் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் ஆபீசில், தட்டில், லாக் இல்லாமல் கிடந்த நேரத்தில் எவனோ வளர்ந்தவன், சம்பளம் வாங்குகிறவன், எடுத்துத் தனக்கு அனுப்பியிருக்கிறான். நினைத்ததும் அவளுக்கு அந்தப் போனையே தொட முடியவில்லை. சோப்பு வெள்ளத்தில் துணியை முக்கிப் பிழிந்து முன்னும் பின்னும் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளியிலிருந்து ஆள் வந்தது. புதன்கிழமை பெற்றோர் கூட்டம். அங்கே எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, பிள்ளையிடம் ஆபாசப் பேச்சுள்ள போனைக் கொடுத்துவிட்டதற்கு ஷாஜிதா மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் விஷயம் முடிந்தது. இல்லையென்றால் ஜஸ்னாவுக்கு டீசி.

“ஆபாசமா?” என்று நேசபாய் இடித்துக்கொண்டிருந்த உலக்கையைக் கீழே வைத்தாள். “கெட்டினவன நெனச்சு ஒறங்கியது ஆபாசமா? எடுத்து ஊருக்கு அனுப்பினவன் யோக்கியன், சத்தத்தப் பறிகொடுத்தவ மன்னிப்புக் கேக்கணும். நல்ல நியாயம்! ஏட்டி, நீ போவாத.”

“போவாம இருந்தா பிள்ளைக்க படிப்புல்லா போச்சு.”

“அவரு என்ன சொல்லியாரு?”

அதுதான் ஷாஜிதாவை அரித்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தம்மாமிலிருந்து ஒரு சத்தம் இல்லை. அவள் அனுப்பியதை எல்லாம் அவன் கேட்டிருந்தான், நீல டிக் விழுந்திருந்தது. பதில் மட்டும் இல்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை.

“அவரு ஒரு வார்த்த சொன்னாப் போதும்க்கா. ‘எனக்க பெண்டாட்டி எனக்கு அனுப்பினது, ஒனக்கென்னலே’ன்னு ஒரே ஒரு வார்த்த. அந்தத் தங்கப்பன் ஸாருக்குப் போன் போட்டுச் சொல்லட்டு. நான் இந்த ஊரையே தூக்கி எறிஞ்சிட்டு நிமிந்து நடப்பேன். அவரு சொல்லுவாரு. இப்பிடிப் பேசாம இருக்கிய ஆளில்ல அவரு.”

“சோலித் திரக்காயிருக்கும், போனெடுக்க நேரம் இருக்காது,” என்றாள் நேசபாய். அவளுக்கே அந்தச் சொல்லில் நம்பிக்கை இல்லை.

புதன்கிழமை தகரம் போட்ட ஹாலில் கூட்டம். மழை மேலே கொட்டிய கொட்டில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. அதனால் தங்கப்பன் மைக்கும் ஸ்பீக்கரும் வைத்திருந்தார். சாயாவும் பருப்புவடையும் கொடுத்தார்கள். எல்லோரும் வடையைக் கடித்துக்கொண்டு ஷாஜிதாவைப் பார்த்தார்கள். சிலர் எட்டிப் பார்த்தார்கள். எண்ணெய் வாசனை தாங்காமல் அவள் பர்தாத் துணியால் மூக்கை அழுத்திக்கொண்டாள். ஜஸ்னா சுவரோரம் மற்றப் பிள்ளைகளை விட்டுத் தள்ளி நின்றாள்.

தங்கப்பன் விஞ்ஞானத்தில் தொடங்கி, ஒழுக்கத்துக்கு வந்து, குடும்பக் கௌரவத்தில் முடித்தார். பிறகு, “அம்மா ரெண்டு வார்த்த சொல்லிரணும். நாங்க பெருந்தன்மையா விட்டுருவோம்,” என்றார்.

ஷாஜிதா எழுந்தாள்.

“ஸாரே, லாக் போடக் கூடாதுன்னு சொன்னது யாரு?”

“அது பாட வசதிக்காக.”

“பாடத்துக்க நடுவுல மாத்தி அமுக்கினது யாரு? சஜின் ஸார் சின்னப் பிள்ள, கை தவறிப்போச்சு, அத நான் ஒண்ணும் சொல்லல்ல. கிளாசுல பாதிதான் ஓடிச்சு. ஊருல முழுசும் ஓடுது. ஒங்க ஆபீசுல தட்டுல கெடந்த போன எடுத்து அனுப்பினது யாரு?”

ஹாலில் வடை மெல்லுவது நின்றது. சஜின் ஸார் தரையைப் பார்த்தார். ஆபீஸ் வாசலில் நின்ற ஒருவர் மெல்ல உள்ளே போனார்.

“அத நாங்க விசாரிப்போம்,” என்றார் தங்கப்பன், ஒரு சிரிப்போடு. “இங்க பிரச்சினை அதில்ல. ஒரு தாயி எப்பிடிப் பேசணும்ங்கதாக்கும் பிரச்சினை. ஒங்க வீட்டுக்காரருக்குப் புரிஞ்சது ஒங்களுக்குப் புரியல்லியே.”

“அவரா?”

“அவரிட்ட பேசியாச்சும்மா. நல்ல மனுஷன். அவரே அனுப்பித் தந்திருக்காரு. எல்லாரும் கேக்கட்டு.”

தன் போனை எடுத்து ஸ்பீக்கரோடு சேர்த்தார். ஷாஜிதா ஒரு கணம் சந்தோஷப்பட்டாள், அந்தப் பாவி. நாலு நாளாகக் காத்திருந்த வார்த்தை இதோ எல்லார் முன்னாலும் வரப்போகிறது என்று நினைத்தாள். சேக் முகம்மதுவின் குரல் தகரத்துக்குக் கீழே முழங்கியது.

“ஸாரே, மன்னிக்கணும். அவ வெவரம் இல்லாத பொம்பள. என்ன பேசணும், எப்பம் பேசணும்னு தெரியாது. நானும் எத்தனையோ தடவ வெலக்கியிருக்கேன், கேக்கமாட்டா. இனி அவளுக்க கையில போன் இருக்காது, அதுக்கு நான் பொறுப்பு. எனக்க மொவளுக்க படிப்ப மட்டும் முடக்கிராதுங்க ஸாரே.”

வெலக்கினானாம்! மழையை அனுப்பு, உன் சத்தத்தை அனுப்பு என்று கெஞ்சியவன். ஹாலில் பெண்கள் ‘உச்’ கொட்டினார்கள். ஆண்கள் தலையாட்டினார்கள், ஆம்பளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிற மாதிரி. ஷாஜிதாவுக்கு இதுவரை வந்த குமட்டலெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இப்போது வாந்தி வரவில்லை. உள்ளே எல்லாம் வறண்டு கிடந்தது.

“இதையும் எல்லாருக்கும் அனுப்பியாச்சா ஸாரே?” என்று கேட்டாள்.

தங்கப்பன் போனைச் சட்டென்று ஸ்பீக்கரிலிருந்து எடுத்தார். “என்னம்மா பேசுறீங்க?” என்று தடுமாறினார்.

“அனுப்புங்க. இதுலயும் பாதி கட் ஆயிரக் கூடாது.” துணியை முகத்திலிருந்து எடுத்துவிட்டாள். “நான் மன்னிப்புக் கேக்கமாட்டேன். டீசியத் தாருங்க.”

சொன்னபிறகுதான் அவளுக்கு மகளின் நினைவு வந்தது. படிப்பது அவள், தூக்கி எறிந்தது நான் என்று திரும்பிப் பார்த்தாள். ஜஸ்னா சுவரோரத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். நாலு நாளாகத் தொட்டால் உதறியவள், எல்லார் நடுவிலும் வந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாப்பாவின் குரலைக் கேட்ட அவள் முகத்தில் பிள்ளைத்தனம் கொஞ்சம் குறைந்திருந்தது.

“எனக்கு அரசுப் பள்ளி போதும் உம்மா. வாங்க, போவம்.”

டீசி தர அவர்கள் ஒன்றும் தயங்கி மடி பண்ணவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. நேசபாய் ஜஸ்னாவை அரசுப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். “அங்க படிக்கிய எனக்க பிள்ளையோடல்லா இவளும் போவா, எவன் வாயத் தொறக்கான்னு பாக்கேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். ஷாஜிதா தனியாகக் குத்தியிருந்து ஒறட்டி தட்டினாள். சுட்டதில் ஒன்றைப் பிய்த்து, பழைய சாளைக் கறியில் முக்கித் தின்று பார்த்தாள். இறங்கியது.

அப்போது போன் அடித்தது. தம்மாம். மாவுக் கையோடு, முட்டியால் அமுக்கி எடுத்தாள்.

“ஷாஜி, நீ கோவத்துல இருப்பன்னு தெரியும். எனக்க நெலம ஒனக்குத் தெரியாது. ஊருல ஓடினது இஞ்சயும் வந்து, ரூமுல மத்த ஏழு பேரும் கேட்டானுவ. மெஸ்ஸுல போனா தலையணைன்னு விளிக்கான். நான் அப்பிடிப் பறஞ்சா அதோட சோலி தீந்துரும்னு நெனச்சேன். பிள்ளைக்க படிப்புக்கு வேண்டித்தான் பறஞ்சேன்.”

அவள் ஒன்றை இலையிலிருந்து எடுத்துச் சட்டியில் போட்டாள்.

“கேக்குதா? ஏட்டி, என்னத்தையாவது சொல்லு. இத்தன நாளா ஒனக்க சத்தம் கேக்காம எனக்கு ஒறக்கம் இல்ல. ஒரு வாய்ஸாவது அனுப்பு. நான் வயரு மாட்டித் தனியா இருந்து கேட்டுக்கிடுவேன். ஒருத்தனுக்கும் தெரியாது.”

“ஒங்களுக்கு எனக்க சத்தம் கேக்கணும்னா தங்கப்பன் ஸாருக்கு ஒரு போன் போடுங்க,” என்றாள் ஷாஜிதா. “அவருக்கிட்ட இருக்கு. ஒங்க ரூமுல எட்டுப் பேருக்கிட்டயும் இருக்கு. இந்த ஊருல எல்லாவனுக்கிட்டயும் இருக்கு. எனக்கிட்டதான் இல்ல. நான் அழிச்சாச்சு.”

அவன் அந்தப் பக்கம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சட்டியில் கிடந்ததைத் திருப்பிப் போட்டாள்.